‘ஏழு வருட ஐசியூ அனுபவம் இருக்கிறது. இந்த ஆண்டே விண்ணப்பிக்கலாமா?’

டெக்சாஸில் டாலஸ் நகரை ஒட்டி வசிக்கும் ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 35. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம். பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் மூன்று வருடம், குவைத் ஐசியூவில் நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறார். திருமணமாகி அமெரிக்கா வந்து ஆறு வருடம் ஆகிறது. கணவர் அமெரிக்கக் குடிமகன், இவரிடம் க்ரீன் கார்டு இருக்கிறது. அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வில் தேறி, ஒன்றரை வருடம் ஸ்டெப்-டவுன் வார்டில் (ஐசியூவுக்கும் சாதாரண வார்டுக்கும் இடைப்பட்டது) இருந்தார். ஐந்து மாதமாக மெடிக்கல் ஐசியூவில் இரவு ஷிப்ட். நான்கு வயதிலும் ஒன்றரை வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட், அதாவது அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் எழுதியதில் முக்கியமானது இது: “எனக்கு மொத்தம் ஏழு வருடத்துக்கு மேல் ஐசியூ அனுபவம் இருப்பதால் தகுதி பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு வருட மாஸ்டர்ஸ்தானே, வார இறுதியில் வேலை பார்த்துக்கொண்டே படித்துவிடலாம். மாமியார் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஒரு கன்சல்டன்ட் 1,500 டாலர் கேட்கிறார், சீட் வாங்கித் தருவதாக உறுதி சொல்கிறார். பணத்துக்கு ஊரில் அப்பா பெயரில் உள்ள 12 சென்ட் நிலத்தை விற்கலாம் என்கிறார் அப்பா. கணவர் மட்டும் தயங்குகிறார். ரேங்கிங்கில் முதலில் இருக்கும் கல்லூரிகளுக்கு இந்த ஆண்டே போட்டுவிடலாமா, அக்கா?”

அன்புச் சகோதரி,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு உங்களுக்குப் பொருந்தும். வயது தடை இல்லை, பிள்ளைகளும் தடை இல்லை. ஆனால் இந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு போடுங்கள். நிலத்தை இப்போது தொடவே வேண்டாம். கன்சல்டன்டுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நானும் இதே வழியாக வந்தவள். தமிழ்நாட்டில் நர்சிங் படித்து, இங்கே ஐசியூவில் இருந்து, பிறகு மயக்க மருந்துப் படிப்புக்குப் போனவள். சில ஆண்டுகள் மாணவர் சேர்க்கை நேர்முகத்தில் மேசையின் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தில் எந்த வரியில் என் கை நின்றது என்பதைச் சொல்ல முடியும்.

அந்த ஏழு வருடம்

இது உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். நர்ஸ் அனஸ்தீசியா படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பை இங்கே சுருக்கமாக சி.ஓ.ஏ. என்பார்கள். அதன் விதிப்படி, சேருபவருக்குக் குறைந்தது ஒரு வருட முழுநேர கிரிட்டிகல் கேர் (தீவிர சிகிச்சை) அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ கிடைத்ததாக இருக்க வேண்டும். சென்னையும் குவைத்தும் அந்தக் கணக்கில் வராது. ஸ்டெப்-டவுன் ஒன்றரை வருடத்தையும் பெரும்பாலான கல்லூரிகள் ஐசியூவாக எடுத்துக்கொள்ளாது. ஆக, விண்ணப்பத்தில் உங்கள் கையில் இருப்பது ஐந்து மாதம்.

சில கல்லூரிகள் விண்ணப்பிக்கும் நாளில் ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும் என்கின்றன. சில, வகுப்பு தொடங்கும் நாளுக்குள் முடிந்தால் போதும் என்கின்றன. இரண்டாவது வகைக்கு நீங்கள் இப்போதே போட முடியும், சட்டப்படி தடையில்லை. ஆனால் உங்களோடு போட்டியிடுபவர்கள் இரண்டு மூன்று வருடம் இங்கே ஐசியூவில் இருந்தவர்கள். ஐந்து மாதத்தோடு போய் நின்றால் கோப்பு முதல் சலிப்பிலேயே ஒதுங்கிவிடும். ஒருமுறை மறுத்தால் கதவு மூடிவிடாது, மறு ஆண்டு சேர்ந்தவர்கள் நிறைய. ஆனாலும் தெரிந்தே வீணாகும் ஒரு முயற்சிக்கு ஏன் காசும் மனசும் செலவழிக்க வேண்டும்?

அந்த ஏழு வருடம் வீண் போகவில்லை. நேர்முகத்தில் அது பேசும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டிய முக்கியமான காரியம் சி.சி.ஆர்.என். என்ற தீவிர சிகிச்சை நர்ஸ் சான்றிதழ். இரண்டு வருடத்துக்குள் 1,750 மணி நேரம் தீவிர நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும், அதில் 875 மணி கடைசி ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். வாரம் 36 மணி என்று கணக்குப் போட்டால், ஐசியூவில் உங்கள் ஒரு வருடம் முடியும் சமயத்தில் அந்த எண்ணைத் தொட்டுவிடுவீர்கள். தேர்வு 150 கேள்வி, மூன்று மணி நேரம். பல கல்லூரிகள் இதைக் கட்டாயமாக்கிவிட்டன, மற்றவை விரும்புகின்றன.

அப்புறம் ஷிப்டில் எந்த நோயாளியைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். வென்டிலேட்டரில் இருப்பவர், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் வேசோப்ரெஸ்ஸர் மருந்து இரண்டு மூன்று ஓடுபவர், தமனியில் ஆர்ட்டீரியல் லைன் குழாய் உள்ளவர் என்று பொறுப்பு நர்ஸிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நம் ஊர்ப் பெண்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவோம். இந்த விஷயத்தில் அது உதவாது. உங்கள் மருத்துவமனையிலேயே இதய அறுவை ஐசியூ இருந்தால், ஆறேழு மாதம் கழித்து அங்கே மாற முடியுமா என்றும் விசாரியுங்கள்.

இரண்டு வருடம் இல்லை, மூன்று வருடம். வேலையும் பார்க்க முடியாது

மாஸ்டர்ஸ் என்று உங்களுக்குச் சொன்னவர் பழைய கணக்கைச் சொல்லியிருக்கிறார். 2022 ஜனவரி 1 முதல் புதிதாகச் சேரும் எல்லோரும் டாக்டரேட் பட்டப் படிப்பில்தான் சேர முடியும். குறைந்தது 36 மாதம். பட்டத்தின் பெயர் டி.என்.பி. (நர்சிங் டாக்டரேட்) என்றும் இருக்கும், டி.என்.ஏ.பி. (நர்ஸ் அனஸ்தீசியா டாக்டரேட்) என்றும் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் நின்று மயக்க மருந்து கொடுக்க இரண்டும் ஒன்றுதான். பிற்காலத்தில் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் டி.என்.பி. கொஞ்சம் கூடுதல் வசதி.

இந்தப் படிப்பில் குறைந்தது 2,000 மணி நேரம் கிளினிக்கல், அதாவது மருத்துவமனைப் பயிற்சி, 600 கேஸ். முடித்த பிறகு தேசியச் சான்றிதழ் தேர்வு. அதில் தேறினால்தான் சி.ஆர்.என்.ஏ. (சான்றிதழ் பெற்ற நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட்) என்று பெயருக்குப் பின்னால் போட முடியும். வகுப்பும் கிளினிக்கலும் சேர்ந்து, நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 64 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த எண்ணை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரம் அதற்கு மேல். பல கல்லூரிகள் படிக்கும்போது வேலைக்குப் போகவே விடுவதில்லை, அனுமதிப்பவையும் முதல் சில மாதங்களோடு நிறுத்தச் சொல்லும். உங்கள் சம்பளம் மூன்று வருடம் இல்லை என்றே குடும்பக் கணக்கைப் போடுங்கள்.

மாமியார் விஷயமும் இங்கேதான் வருகிறது. விசிட்டர் விசாவில் வருபவர்கள் வழக்கமாக ஆறு மாதத்தில் திரும்ப வேண்டும். 36 மாதப் படிப்பை ஆறு மாதத் துணையை நம்பித் தொடங்க முடியாது. காலை ஐந்தே காலுக்கு நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினால் பிள்ளையை டே-கேரில் யார் விடுவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்று உங்கள் கணவர் கேட்டிருப்பார். அவர் தயக்கத்தை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்கும் கேள்விகள்தான் சரியான கேள்விகள்.

கல்லூரியை எப்படிப் பார்ப்பது

நீங்கள் அனுப்பிய ரேங்கிங் பட்டியல் துறையில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் போடும் மதிப்பெண்ணை வைத்துத் தயாரானது. ஒரு கல்லூரியின் பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அது சொல்லும். நீங்கள் அங்கே எத்தனை எபிடியூரல் (முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசி) போடுவீர்கள், எத்தனை இதய அறுவையில் நிற்பீர்கள், தினமும் எவ்வளவு தூரம் கார் ஓட்டுவீர்கள் என்பதை அது சொல்லாது.

என் கதையைச் சொல்கிறேன். நானும் பெயரைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒதுக்கிய மருத்துவமனை வீட்டிலிருந்து 190 மைல். நான்கு மாதம். அங்கே ஒரு அறை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு இரவு கிளம்பி வெள்ளி இரவு திரும்புவேன். என் மகனுக்கு அப்போது மூன்று வயது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் ஓடி வரவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தான். சேரும் முன் ‘கிளினிக்கல் எங்கெங்கே?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை, அவர்களாகவும் சொல்லவில்லை.

அதனால் நீங்கள் கேளுங்கள். ஃபோர்ட் வொர்த்தில் டெக்சாஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகமும் இந்தப் படிப்பை நடத்துகின்றன. ஹூஸ்டனில் பெய்லர் மருத்துவக் கல்லூரியும் யூ.டி. ஹெல்த்தும் இருக்கின்றன. வீட்டை மாற்றாமல் படிக்க வேண்டும் என்றால் ஃபோர்ட் வொர்த்திலிருந்து தொடங்குங்கள். ஆனால் கல்லூரி பக்கத்தில் இருப்பதால் கிளினிக்கலும் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் எந்த மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள், ஒதுக்குவது யார், குழந்தை உள்ளவர்களுக்கு மாற்றிக் கேட்க வழி உண்டா என்று தகவல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். முடிந்தால் அங்கே இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். உண்மை அங்கேதான் வரும்.

ஒவ்வொரு கல்லூரியும் மூன்று எண்களைத் தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும்: பாதியில் நின்றவர்களின் விகிதம், சான்றிதழ் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்களின் விகிதம், முடித்து ஆறு மாதத்துக்குள் வேலை கிடைத்தவர்களின் விகிதம். வேலை எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது, அதை விடுங்கள். முதல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தேர்ச்சி விகிதம் மிக உயர்ந்திருந்து, பாதியில் நின்றவர்களும் நிறைய இருந்தால், தேர்வு எழுதும் முன்பே ஆட்களைக் கழித்துவிடுகிறார்கள் என்று அர்த்தம் இருக்கலாம். ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். அங்கீகாரம் எந்த ஆண்டுவரை, கடைசி முறை எத்தனை ஆண்டுக்குக் கிடைத்தது என்பதையும் பாருங்கள். அதிகபட்சம் பத்து ஆண்டு தருவார்கள்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. சில கல்லூரிகளில் முதலில் பாடம் முழுவதும் முடித்துவிட்டு, பிறகுதான் தியேட்டருக்கு அனுப்புவார்கள். சிலவற்றில் பாடமும் கிளினிக்கலும் ஆரம்பத்திலிருந்தே கலந்து ஓடும். முதல் வகையில் அந்த முதல் வருடம் பெரும்பாலும் வீட்டோடு இருக்கலாம். உங்கள் சின்னவனுக்கு இப்போது ஒன்றரை வயது என்பதால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் தேடுவேன்.

நான்கைந்து கல்லூரிக்கு மேல் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனிக் கட்டுரை. பல கல்லூரிகளுக்கு நர்சிங் காஸ் என்ற பொதுத் தளம் வழியாகவே போடலாம், சிலவற்றுக்கு நேரடியாக.

மதிப்பெண் பட்டியல்

பி.எஸ்சி.யில் 68 சதவீதம் என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். அதை இங்குள்ளவர்கள் 68 என்று படிக்க மாட்டார்கள். வெளிநாட்டு மதிப்பெண்களை மதிப்பிடும் நிறுவனம் ஒன்று நம் பல்கலைக்கழகத்தின் அளவுகோலைப் பார்த்து, பாடவாரியாக இந்த ஊர் ஜி.பி.ஏ.வாக (சராசரி கிரேடு) மாற்றித் தரும். நம் ஊர் முதல் வகுப்பு இங்கே நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே நிற்கும். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதனால் முதலில் கேட்டுவிட்டு, பிறகு காசு கட்டுங்கள். என்கிளெக்ஸ் சமயத்தில் எடுத்த பழைய அறிக்கை போதாமல் போகலாம். கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர வேண்டியிருந்தால் இன்றே தொடங்குங்கள். ஊரில் தம்பி தங்கை யாராவது நேரில் போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

உண்மையான சிக்கல் மதிப்பெண்ணில் இல்லை, ஆண்டில் இருக்கிறது. அறிவியல் பாடங்கள் இத்தனை ஆண்டுக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் வரம்பு வைத்திருக்கின்றன. நீங்கள் படித்து 13 ஆண்டு ஆகிவிட்டது. பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் வேதியியல், புள்ளியியல் என்று ஒன்றிரண்டு பாடம் எடுத்து ஏ வாங்கிக் காட்டுங்கள். இந்தக் காத்திருப்பு வருடத்துக்கு அது நல்ல வேலை. சில கல்லூரிகள் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வைக் கேட்கும், சில வெளிநாட்டில் படித்தவர்களிடம் டோஃபல் ஆங்கிலத் தேர்வையும் கேட்கும், நீங்கள் இங்கே வருடக்கணக்கில் வேலை பார்த்திருந்தாலும்.

ஒரு நாள் தியேட்டரில்

விண்ணப்பத்துக்கு முன் ஒரு சி.ஆர்.என்.ஏ.வுடன் தியேட்டரில் நின்று பார்க்க வேண்டும். இதை ஷேடோயிங் என்பார்கள். பல கல்லூரிகள் கேட்கின்றன. கேட்காவிட்டாலும் போங்கள். உங்கள் மருத்துவமனை அனஸ்தீசியா பிரிவில் கேட்டாலே ஏற்பாடு செய்வார்கள்.

அங்கே போனதும் மானிட்டரைப் பார்க்காதீர்கள், அது உங்களுக்குப் பழகியது. மயக்கம் கொடுப்பவரின் இடது கையைப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்கை வளைத்துப் பிடித்திருக்கும். மீதி மூன்று விரல்கள் தாடை எலும்பைக் கொக்கி போட்டு மேலே தூக்கியிருக்கும். மாஸ்கை முகத்தில் அழுத்த மாட்டார், முகத்தை மாஸ்குக்குள் கொண்டுவருவார். நோயாளியின் மூச்சு நின்ற பிறகு அந்த ஒரு கையால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். ஐசியூவில் நீங்கள் கூப்பிட்டால் ஓடிவர ஆள் உண்டு. இங்கே மற்றவர்கள் கூப்பிடும் ஆளே நீங்கள்தான். அது உங்களுக்கு வேண்டுமா என்பதை அந்த அறையில் நின்றால்தான் தெரியும்.

நேர்முகம்

இங்கேதான் உங்கள் ஏழு வருடம் பேசும் என்றேன். நாங்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: செப்டிக் ஷாக் (கடும் தொற்றால் ரத்த அழுத்தம் விழுந்த) நோயாளி, அழுத்தத்தை உயர்த்தும் நார்எபிநெஃப்ரின் மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது, ரத்த அழுத்தம் நிற்கவில்லை, அடுத்து என்ன? “வேசோப்ரெஸ்ஸின்” என்று எல்லோரும் சொல்வார்கள். “ஏன்?” என்று கேட்டதும் பாதிப் பேர் “டாக்டர் ஆர்டர் போடுவார், எங்கள் புரோட்டோக்கால்” என்பார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறினால் நார்எபிநெஃப்ரின் வேலை செய்யும் ஏற்பிகள் மந்தமாகும், வேசோப்ரெஸ்ஸின் வேறு ஏற்பி வழியாக வேலை செய்வதால் அது அவ்வளவு பாதிக்கப்படாது என்று சொல்பவரை நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம். நீங்கள் தொடும் ஒவ்வொரு மருந்துக்கும் இந்த ‘ஏன்’ தெரிந்திருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று நேராகச் சொல்லவும் வேண்டும். மழுப்பினால் அங்கேயே முடிந்துவிடும்.

குவைத்தில் தசைத் தளர்ச்சி மருந்து ஓடிய நோயாளியின் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்து, தூக்க மருந்து போதவில்லை என்று நீங்கள் மருத்துவரை எழுப்பியதாக ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அதை நேர்முகத்தில் முழுதாகச் சொல்லுங்கள். அசைய முடியாமல் விழித்துக் கிடக்கும் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இந்த வேலையின் சாரமே அதுதான்.

கன்சல்டன்ட் பற்றி இரண்டே வரி. சீட் வாங்கித் தருவேன் என்று யாரும் உறுதி தர முடியாது, தருபவர் பொய் சொல்கிறார். அவர் சொல்லப்போகும் தகவல் எல்லாம் கல்லூரிகளின் இலவசத் தகவல் கூட்டத்திலேயே கிடைக்கும்.

பணமும் நிலமும்

பல கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், அதோடு உங்கள் மூன்று வருடச் சம்பளமும் போகும். முடித்தவர்களின் ஆண்டுச் சம்பளம் பொதுவாக இரண்டு லட்சம் டாலருக்கு மேல் என்பதால் திரும்ப எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எடுக்கலாம்தான். ஆனால் முடித்தால்தான்.

க்ரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசின் கல்விக் கடனுக்கு நீங்கள் தகுதியானவர். அதில் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. செலவு முழுவதையும் ஈடுகட்டிவந்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்குக் கிடையாது. பொதுவான மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். தொழில்முறைப் பட்டம் என்ற வகைக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்பை எந்த வகையில் கணக்கிடுகிறார்கள் என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்ச நஞ்சமில்லை. கடைசி ஆண்டில் சில மருத்துவமனைகள் மாதப்பணம் தந்து, முடித்ததும் இத்தனை வருடம் எங்களிடம் வேலை பார் என்று ஒப்பந்தம் போடும். அதையும் விசாரித்து வையுங்கள், ஆனால் இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிலத்தை விற்கச் சொல்லும் உங்கள் அப்பாவின் மனசு எனக்குப் புரிகிறது. அட்மிஷன் கடிதம் கையில் வராத வரை அந்தப் பேச்சே வேண்டாம். வந்த பிறகும், இந்த ஒரு வருடச் சேமிப்பு, கணவர் சம்பளம், கடன் மூன்றும் போக எவ்வளவு இடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒருநாள் ஊர் திரும்பி அங்கேயே இதே வேலை பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பவர்கள் மருத்துவர்கள். நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட் என்ற பதவி அங்கே இல்லை. இந்தப் பட்டத்தை அங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்த முடியாது என்பதையும் நிலத்தோடு சேர்த்து யோசியுங்கள்.

அடுத்த தகவல் கூட்டம் எப்போது என்று ஃபோர்ட் வொர்த் கல்லூரிகளின் தளத்தில் தேதி பார்த்து, உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும். சி.சி.ஆர்.என். தேர்வு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், உங்கள் கட்டுரையை நான் படித்துத் தருகிறேன்.